கடைசிச் செம்பு

மண்டபம் நண்டுக் கம்பெனியில்
எட்டு மணி நேரம் என் கைகள் என்னுடையவை அல்ல.
ஐஸ் தட்டு, நீல உறை, அவித்த நண்டு.
ஓட்டுச் சில்லு கலக்காமல் சதை பிரிக்க வேண்டும்.
கிலோவுக்குத்தான் கூலி.
மூன்று மணிக்கு மேல்
எது விரல் எது நண்டுக்கால் என்று
விரலுக்கே தெரியாது.

பெரியாஸ்பத்திரி நர்ஸம்மா கண்ணை மூடச் சொல்லி
குண்டூசியால் தொட்டுப் பார்த்தார்.
“இப்ப எங்க தொடுறேன், சொல்லுங்க நாகஜோதி.”
ஆள்காட்டி விரல் என்றேன்.
அவர் அப்போது தொடவே இல்லையாம்.

மாத்திரை எழுதினார். பேனாவை மூடிக்கொண்டே
“சும்மா இருக்கையில எதையாச்சும்
தொட்டுக்கிட்டே இருங்க” என்றார்.

எதையாச்சும்.

ஷேர் ஆட்டோக் கம்பியில் தொடங்கினேன்.
துருவின் சொரசொரப்பு உள்ளங்கைக்கு வந்தது, விரலுக்கு வரவில்லை.
பக்கத்தில் பாத்திமுத்துவின் சேலையில் நண்டு வாடை,
அதற்கும் அடியில் காலையில் பூசிய பவுடர்,
ஒன்பது மணி நேரமாக விட்டுக்கொடுக்காமல்.

வேதாளையில் இறங்கிச் செருப்பைக் கையில் எடுத்தேன்.
மேல் மணல் ஆறிவிட்டது.
பெருவிரலைக் கொஞ்சம் உள்ளே நுழைத்தால்
அங்கே மத்தியானம் அப்படியே கிடந்தது.

கடலைப் பார்த்து நடக்கையில்
வலக் கன்னத்தில் அடித்தால் கச்சான்,
நெஞ்சில் மோதினால் சோளகம்.
வீட்டுக்காரருக்கு இதெல்லாம் முன்பே தெரியும், வலைக்காக.
நான் கன்னத்துக்காகக் கற்றுக்கொண்டேன்.

பத்தொன்பதாம் நாளோ இருபதோ,
மகள் மதுநிஷா டீ கொண்டுவந்து நீட்டினாள்.
கட்டைவிரல் “சுடுது” என்றது.
எத்தனையோ மாதம் கழித்து அது பேசிய முதல் சொல்.
கிளாஸைக் கீழே வைக்க மனம் வரவில்லை.
“சிரிக்கிறியா அழுவுறியாம்மா?”
சுடுதுடி, என்றேன்.

எங்கள் கிணறு உவர்.
சோப்பு நுரைக்காது, திரிந்த பால் போல மேலில் ஒட்டும்.
எத்தனை வாளி ஊற்றினாலும்
குளித்தது போலவே இருக்காது.
இப்போது குடம் பத்து ரூபாய்க்கு வாங்கும் நல்ல தண்ணீரில்
ஒரு செம்பு எடுத்து வைக்கிறேன்.
கடைசியாக ஊற்ற.

“குடிக்கிற தண்ணியவா மேலுக்கு ஊத்துற?” என்றார் அவர்.
பதினைந்து செம்பு ஒரு குடம்.
ஒரு செம்பு எழுபது காசு கூட இல்லை.
எழுபது காசுக்கு இந்த ஊரில்
மிட்டாய் கூடக் கிடைக்காது.
சொல்லிப் பார்த்தேன். வலையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவசரப்பட்டால் வீண்.
உச்சியில் சரித்தால்
தண்ணீர் முடிக்குள் கொஞ்ச நேரம் வழி தேடும்.
பிடரியில் நின்று யோசிக்கும்.
பிறகு ஒரு கிளை முதுகுத்தண்டோடு நேராக,
ஒரு கிளை கழுத்துக்குழியில் தேங்கி, நிரம்பி,
வயிற்றை நோக்கி.
ஆபரேஷன் தழும்பு வரும்போது மட்டும்
குளிர்ச்சி மறைந்துவிடும்.
தண்ணீர் அந்த இடத்தைப் பாலத்துக்கு அடியில் கடப்பது போலக் கடந்து
தொடையில் மறுபடி எழும்.
பதினேழு வருடமாக அந்த இடம் மரத்திருப்பதே
எனக்குத் தெரியாது.
கையை வைத்துக்கொண்டு நின்றேன்.
தெரிந்துகொண்டதே ஒரு சந்தோஷமாக இருந்தது. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நேற்று விடியுமுன் அவர் கடலிலிருந்து வந்தார்.
படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.
வாளி, வாளி, வாளி.
பிறகு சத்தமே இல்லை.
பிறகு மெல்லிய ஒரு ஒழுக்கு,
ஒரு ஆள் குனிந்து நின்று வாங்கினால் எப்படி விழுமோ அப்படி.
கொஞ்சம் பொறுத்து மறுபடியும்.

ரெண்டு செம்பு. ஒண்ணே கால் ரூபாய்க்கு மேலே ஆச்சு.
நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை.
சுண்டுவிரல் மட்டும் இன்னும் திரும்பவில்லை.
இருட்டில் கோரைப்பாயின் ஓரத்தில்
அதைத் தேய்த்துக்கொண்டே கிடந்தேன்,
மீன் கொத்துகிறதா என்று
நரம்பைப் பிடித்துக் காத்திருப்பவளைப் போல.