ஆறாம் இயல்

"இனி செய்ய வேண்டிய ஆய்வுகள்":
ஒரு பக்கம் போதும் என்கிறார் நெறியாளர்.
மாதிரிகளைக் கூட்டலாம், தனிமங்களை அளக்கலாம்,
எல்லோரும் எழுதுவதை எழுதி
முடித்துக் கட்டு.

பெரியமுத்தூரில் அணை தெரிகிற வாடகை அறை.
மேசைமேல் ஒரு மட்டி,
நெடுக்காக அறுத்த பாதி.

முதலில் நான் கேட்டது பவளம்.
மன்னார் வளைகுடா, படகு, முக்குளிப்பவர், வனத்துறை அனுமதி.
செலவுத் தாளைப் பார்த்தவர் சிரிக்கக்கூட இல்லை.
கிருஷ்ணகிரியில் கடல் ஏது,
அணையில் இருப்பதைப் பார் என்றார்.

திம்மராயன் பரிசலிலிருந்து ஒரு சட்டி கொட்டினார்.
வலையைக் கிழிக்கிற சனியன்,
காசெல்லாம் வேண்டாம், எடுத்துப் போ.
பத்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியார்
எனக்கு வைத்த பெயரும்
மட்டிதான்.

ஓட்டை அறுக்கக் கல்லூரியில் கருவி இல்லை.
கிரானைட் பட்டறைக்குப் போனேன்.
யாரோ ஒரு வெள்ளைக்காரரின் கல்லறைக்குப் போகிற பலகைகள்
பெயர் வெட்டாமல் சாய்ந்து நின்றன.
இருநூற்றைம்பது கோடி வருஷத்துக் கல்,
அதில் ஒரு திங்கட்கிழமைகூட இல்லை.

சம்பங்கி வைர வாளை இறக்கினான்.
"இந்த பிளேடுக்கு இது வெத்தலை மேடம்."
மூன்று நொறுங்கின.
நான்காவதை எம்சீலில் புதைத்துக் கொடுத்தேன்.
அறுத்து, மெருகுக் கல்லில் தேய்த்து,
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து
அவன்தான் முதலில் கேட்டான்:
"கோடு கோடா இருக்கே, வருஷமா?"

தெரியாது சம்பங்கி.

பனி விழும் நாடுகளில் குளிர் வந்து வளர்ச்சியை நிறுத்தும்,
கோடு விழும், எண்ணிவிடலாம்.
இங்கே எது நிறுத்தும்?
சித்திரை வெயிலா, ஐப்பசி வெள்ளமா,
நெல்லுக்குத் திறக்கும் மதகா?
மதகு உடைந்து அணை வடிந்த வருஷம்
சேற்றுக்குள் வாய் மூடிக் கிடந்தனவே,
அந்த மாதங்களைத் தடித்த கோடாகப் போட்டனவா,
போடாமலே விட்டனவா?

அணையின் நீர்மட்டப் பதிவேடு கேட்டு
மூன்று கடிதம் போட்டாயிற்று.
ஓட்டையும் ஏட்டையும் பக்கத்தில் வைத்து
எது எந்த நாட்களில் தூங்கியது என்று பார்க்க வேண்டும்.

கெலவரப்பள்ளியில் நுரை பொங்கிய வாரங்களில்
எந்த மயிரிழை அடுக்கில் எந்த உலோகம்?
அதைச் சொல்ல லேசர் வேண்டும்.
லேசர் பெங்களூரில் இருக்கிறது,
நுரை புறப்படுகிற அதே திசையில்.

சம்பங்கி சிரிக்கும்போது கையால் வாயை மூடுவான்.
மாரண்டஅள்ளி போர்த்தண்ணீர் குடித்து வளர்ந்தவன்.
ஒருநாள் அவனே கையை எடுத்துக் காட்டினான்:
முன்பற்களில் குறுக்கே காவிக் கோடுகள்,
வெளிறிய இடைவெளி, மறுபடி காவி.
"அக்கா பொண்ணுக்கு இதெல்லாம் இல்ல மேடம்.
அவ பொறந்தப்ப ஒகேனக்கல் தண்ணி வந்துருச்சு."
நடுவில் வெளுப்பாக ஒரு கீற்று.
"அது நாங்க கோலார்ல கல் உடைக்கப் போன வருஷமா இருக்கும்."

எண்ணியவன் அவன்.
என் மட்டிகளில் ஒன்றுக்கும்
இத்தனை துல்லியமான தேதி கிடைக்கவில்லை.

இதை ஆறாம் இயலில் எங்கே வைப்பது?
பல்லும் ஓடும் என்று ஒரு துணைத்தலைப்பா?
அனுமதிப் படிவம் யார் தருவார்,
அவன் வாயை மூடிக்கொண்டால் என்ன செய்வது?
இரண்டு வரி எழுதினேன்.
அடித்தேன்.
அடித்தது தெரியட்டும் என்று விட்டிருக்கிறேன்.

அறுபத்திரண்டு மட்டிகளுக்கு முக்கோண அரத்தால் விளிம்பில் கீறி
கம்பிக்கூண்டில் போட்டுத்
திம்மராயனின் மிதவைக்குக் கீழே கட்டியாயிற்று.
அடுத்த ஆவணியில் எடுத்தால்
கீறலுக்குப் பின் எத்தனை கோடு என்று தெரியும்.
கௌரவ விரிவுரையாளர் ஒப்பந்தம்
சித்திரையோடு முடிகிறது.

இப்போது தெருவில் ஆட்டோ ஒலிபெருக்கி:
இன்றிரவு மதகு திறக்கப்படும்,
கரையோரம் யாரும் இறங்க வேண்டாம்.

ஜன்னலைத் திறந்து கேட்டேன், எத்தனை மணிக்கு?
பதினொன்றரை இருக்கும்கா.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால்
தேதியும் நேரமும்.
கூண்டை எடுக்கப் போகிறவர் யாரோ,
விளிம்பிலிருந்து உள்நோக்கி எண்ணி வரட்டும்.