இதர விவரங்கள்

டிராமில் ஸ்டியரிங் கிடையாது.
போகலாம், நிற்கலாம், மணி அடிக்கலாம்.
ரீகா நகரத்தில் பதினோராம் தடத்தில்
பதினான்கு வருஷமாய் அதைத்தான் செய்கிறேன்.
ஜனங்கள் விட்டுப்போவதை எல்லாம்
இரவு பணிமனையில் ஒப்படைப்பேன்
வெல்காவிடம்.

அவளுடைய படிவத்தில் ஐந்து கட்டங்கள்.
தேதி, தடம், பொருள், நிறம்.
ஐந்தாவது, சுண்டுவிரல் அகலத்தில்,
இதர விவரங்கள்.
அவளுக்கு முன்பிருந்தவர் அதில்
ஓய்வு பெறும்வரை ஒரு கோடு போட்டார்.
ஸ்கேல் வைத்து.

வெல்கா வந்த முதல் மாதம்
குடைகள் பத்தொன்பது.
பத்தொன்பதும் கறுப்பு.
கேட்டு வந்தவர்கள் எல்லோரும்
கறுப்புக் குடை என்றார்கள்.
வேறு வழியில்லாமல்தான் தொடங்கினேன்,
என்பாள்.

'ஒரு கம்பி முறிந்தது. விரித்தால்
வலது தோளை மட்டும் நனையவிடும்.'
'பிடியில் பல் தடம். சின்னப் பற்கள்.'
'ஈரமில்லை. மழை பெய்யாத நாளில்
யாரோ பயந்து எடுத்து வந்தது.'

கம்பளிக் கையுறைகள் வந்தபோது
கட்டம் போதவில்லை.
அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினாள்:
'இடது கை. கட்டைவிரல் மட்டும்
பழுப்பு நூலில் மறுபடி பின்னியது.
பின்னியவருக்குப் பச்சை கிடைக்கவில்லை,
அல்லது பச்சை அலுத்துவிட்டது.'

எதற்கு இவ்வளவு என்று கேட்டேன்.
"தன்னுடையதுதான் என்று
அவருக்குத் தெரிய வேண்டாமா?"
பசைக்குப்பியின் மூடியைத் தேடிக்கொண்டே சொன்னாள்.

பிப்ரவரியில் நிர்வாகம் ஒரு பயிற்சி வைத்தது.
'படைப்பாற்றல் எல்லோருக்கும்.'
கேக் இலவசம். வண்ண ஒட்டுத்தாள் இலவசம்.
எவெரீடா என்று ஒரு பயிற்சியாளர்.
மேசையில் ஒரு செங்கல்லை வைத்து
இதைக்கொண்டு என்னென்ன செய்யலாம்,
மூன்று நிமிஷம், எழுதுங்கள் என்றார்.

கணக்குப் பிரிவு இல்மார்ஸ் இருபத்திரண்டு எழுதினார்.
நான் ஆறு. அதில் நான்கு, சுவர்.
வெல்கா எழுந்துபோய்
செங்கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.
'ஒரு மூலையில் பழைய சுண்ணாம்பு.
அடியில் பூனையின் கால் ஒன்று பதிந்திருக்கிறது.
சுடுவதற்கு முன்னால் நடந்த பூனை.
அவசரத்தில் இல்லை.'

எவெரீடா நல்லவர். கனிவாய்ச் சிரித்தார்.
"கேள்வி அதுவல்லவே."

கடைசியில்,
தன்னைப் படைப்பாளி என்று நினைப்பவர்கள்
கை தூக்கச் சொன்னார்.
இல்மார்ஸ் தூக்கினார்.
பாதி தூக்கிய இருவர் காதைச் சொறிந்துகொண்டார்கள்.
வெல்காவின் இரு கையும்
காபிக் கோப்பையைச் சுற்றியே இருந்தன.
எனக்கு ஏனோ கோபம் வந்தது,
யார் மேல் என்று தெரியாமல்.
நானும்தான் தூக்கவில்லை.
அவளுக்காகத் தூக்கியிருக்கலாமோ?
அப்படியொரு விதி இருக்கிறதா என்ன?

மார்ச்சில், பனி சேறான ஒரு வியாழக்கிழமை
கையுறைக்கு உரியவள் வந்தாள்.
ஆஸ்பத்திரித் துணி துவைப்பவள்,
விரல்களெல்லாம் வெடிப்பு.
அட்டையின் இரு பக்கமும் நின்று படித்தாள்.
"தப்பு" என்றாள்.
"பச்சை நிறையவே இருந்தது.
அன்றைக்கு மின்சாரம் இல்லை.
கைக்கு வந்த நூலை எடுத்தேன்.
விடிந்து பார்த்தால் பழுப்பு.
பிரிக்க மனசு வரவில்லை."

கையெழுத்துப் போட்டாள்,
மாட்டிக்கொண்டாள், போனாள்.
பொருள் போய்விட்டது. கணக்கு முடிந்தது.
அந்த அட்டையை இனி
எந்த அதிகாரியும் தொடப்போவதில்லை.
வெல்கா அதை இழுத்து வைத்து
தன் இரண்டு வரியை அடித்தாள்.
மேலே, நுணுக்கி நுணுக்கி,
இருட்டை எழுதினாள்.
நூலைத் தேடும் கையை எழுதினாள்.
இடம் போதாமல் கடைசிச் சொல்
ஓரத்தில் வளைந்து ஏறியது,
தண்டவாளம் இல்லாத இடத்தில்
டிராம் திரும்புவதுபோல.

நேற்று என் வண்டியில் ஒரு ஆப்பிள் கிடந்தது.
பையில்லை, ஆளில்லை, ஒரே ஒரு கடி.
கொண்டுபோய் நீட்டினேன்.
"கெட்டுப்போகிற பொருளைப் பதிய மாட்டோம்"
என்றவள், கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்:
"ஜன்னல் பக்க இருக்கையா?"

நான் கவனிக்கவில்லை.

இன்றைக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும்
கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.
இரண்டு நிமிஷம் தாமதம்.
கேட்டால் சொல்ல
ஒரு காரணம் யோசிக்க வேண்டும்.