அறுபது வாளி

ஏப்ரல் ஒன்பது. பூ முழுசாய் விரிந்திருந்தது.
வானொலி சொன்னது: விடியலுக்குள் மைனஸ் நான்கு.
சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டார்கள்.

வராஸ்தாத் வீட்டுக்கும் தோட்டத்துக்குமாய் நடந்தான்.
பத்து நிமிஷத்துக்கொரு தரம்
வெப்பமானியில் டார்ச் அடித்துப் பார்த்தான்,
முறைத்துப் பார்த்தால் கூச்சப்பட்டு
அது ஏறிவிடும் என்பதுபோல.
இடையிடையே போனில் யாரிடமோ:
லார்ஸ் கணவாய் திறந்ததா,
மாஸ்கோவில் ஆப்ரிகாட் கிலோ என்ன போகும்.
காய்க்காத பழத்துக்கு விலை.

"மேகம் வரும் ஷோகிக், மேற்கே பார்."
பார்த்தேன். அராரத் இருந்தது,
நிலா வெளிச்சத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம்.
எங்கள் மலை என்கிறோம்,
அதில் ஒரு கல்லைப் புரட்டிவைக்க முடியாது.
மேகம் இல்லை.

வெப்பமானியைக் கழற்றி
என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
அங்கே அதற்கு இருபது டிகிரி.
அதாவது சந்தோஷமாய் இருக்கட்டும்.

பிறகு எண்ணினேன்.
மரம் நூற்று எண்பது, ஒன்பது வரிசை.
வாளி அறுபது: மரத்தூள், பழைய எஞ்சின் எண்ணெய்.
எல்லா மரத்துக்கும் பங்கு வைத்தால்
எந்த மரத்துக்கும் சூடு எட்டாது.
போன வருஷம் படித்த பாடம் அது.
நூற்று எண்பதும் கருகின.

மேல் மூன்று வரிசையில் காற்றோட்டம் உண்டு, அதன் பாடு.
கீழ் மூன்றும் கிணற்றுப் பள்ளம்,
குளிர் இறங்கிவந்து தேங்கும் இடம்.
நடு மூன்றில்தான் ஒரு வாளிக்கு மதிப்பு.
கீழே உள்ளதை விட்டுவிட்டேன்.

விட்டுவிட்டேன் என்று எழுத ஒரு வரி போதும்.
செய்வதற்கு
கையில் வாளியோடு ஒவ்வொரு மரமாய்த்
தாண்டி நடக்கவேண்டியிருந்தது.
அதில் ஒன்று நாரே பிறந்த வருஷம் நட்டது.

வராஸ்தாத் சண்டை பிடித்தான்.
கத்தி முடித்ததும் போனை ஜன்னலில் கவிழ்த்துவிட்டு
எண்ணெய் ஊற்ற வந்தான்.
தீப்பெட்டி நமத்திருந்தது.
தீப்பெட்டியைத் திட்டினோம், ஒருவரையொருவர் திட்டினோம்,
இரண்டரைக்கு முதல் வாளி பற்றியது.

அணைந்தால் கிளறு. புகை சாய்ந்தால் இழுத்து வை.
ஒரு கோடியிலிருந்து மறுகோடி, திரும்பவும் முதலிலிருந்து.
பயம் போகவில்லை, கூடவே நடந்தது.
உட்கார இடம்தான் தரவில்லை.

விடிந்ததும் பூவை நகத்தால் கீறினேன்.
நடுவில் பச்சை என்றால் உயிர்,
கறுப்பு என்றால் போச்சு.
பச்சை. பச்சை. கறுப்பு. பச்சை.
வாளிக்குப் பக்கத்திலேயே நின்ற மரங்கள்
பதிமூன்று முழுக்கக் கறுப்பு.
கீழே, நான் கைவிட்ட வரிசையில்,
நாரேயின் மரத்தில் ஒரே ஒரு கிளை பச்சை.
அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.
எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல்
சற்று நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அறுபதில் நாற்பத்தேழு.
முகமெல்லாம் கரியாய் வராஸ்தாத் வந்தான்.
"லார்ஸை மறுபடி மூடிவிட்டார்களாம்."

"மரத்தூள் தீர்ந்தது," என்றேன்.
"கெவோன்ட் எட்டு மணிக்கு ஆலையைத் திறப்பான்.
வாளிகளைக் கழுவிவை.
இன்றிரவு மைனஸ் மூன்று."