பாங்கோ பாங்கோவில் வெள்ளிக்கிழமை

ஆபியாவிலிருந்து பாங்கோ பாங்கோ
நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம்.
காற்று தோதாக இருந்தால் முப்பத்தைந்து நிமிடம்,
முரண்டு பிடித்தால் இன்னும் ஐந்து.
சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு ஏறினால்
வெள்ளிக்கிழமை ஒன்பது முப்பத்தைந்துக்கு இறங்கலாம்.
கடிகாரத்தைத் தொட வேண்டாம்.
கிழமையை மட்டும் கழற்றி வைத்தால் போதும்.

அப்பா போனது சனி, விடிகாலை இரண்டு மணி.
தம்பிக்குப் போன் போட்டேன்.
"அப்பா எப்படி இருக்கார்?" என்றான்.
"நான் வர்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

பத்தொன்பது இருக்கை விமானம்.
பெட்டியோடு நம்மையும் ஏற்றி நிறுக்கிறார்கள்
கொப்பரை மூட்டைபோல.
கவுன்ட்டர் பையன் என் எடையை உரக்கப் படித்தான்.
எழுதிக்கொண்டவள் நிமிரவில்லை.

கீழே கடல்.
தேதிக்கோடு எங்கே என்று கேட்டது பின்சீட்டுக் குழந்தை.
"தூங்கு" என்றாள் அதன் அம்மா.

அந்தக் கோட்டை எங்களுக்கு மறுபுறம் நகர்த்திய வருஷம்
டிசம்பர் முப்பது எங்கள் தீவில் விடியவே இல்லை.
வியாழன் படுத்தோம், சனி எழுந்தோம்.
அப்பாவின் பிறந்தநாள் அது.
அரசாங்கம் எனக்கு ஒரு நாள் பாக்கி என்று
தபால் நிலையம்வரை நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தார்.
ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தப் பாக்கியைக்
கேட்டுக்கொண்டேயிருந்தார்.

டூனா ஆலை வாசலுக்கு
ரப்பர் பூட்ஸோடு வந்தான் அலாபாட்டி.
என் முகத்தைப் பார்த்ததும்
கையுறையைக் கழற்றத் தொடங்கினான், விரல் விரலாக.
"எப்போ?"
"சனிக்கிழமை."
"இன்னிக்கு வெள்ளி."
"தெரியும்."

அலுவலகத்தில் சலோட்டே
துக்க விடுப்புக்கு விவரம் தட்டினாள்.
இறந்த தேதியைக் கணினி வாங்கவில்லை.
மறுபடி தட்டினாள். மறுபடி சிவப்பு.
எங்களைப் பார்க்காமல் சொன்னாள்,
"இன்னும் நடக்கலைன்னு சொல்லுது."

தம்பி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.
"அப்படியே இருக்கட்டும்" என்றான்,
"கொஞ்ச நேரம்."

மின்விசிறி ஓடியது.
மீன் வாடை வந்து வந்து போனது.
வெள்ளிக்கிழமை அப்பா என்ன செய்தார் என்று கேட்டான்.
சொன்னேன்:
ஈரப்பலாவில் உப்பு போதவில்லை என்றார்.
ரேடியோவில் ரக்பி கேட்டார்.
தோற்றதும் அணைக்கச் சொன்னார்.
கால் நகம் வெட்டிவிடச் சொன்னார்,
இடது காலோடு நிறுத்திவிட்டேன்,
மிச்சம் நாளைக்கு என்று.

பத்து இருபது.
சலோட்டே திரையை அணைத்துவிட்டு
பழைய நோட்டை எடுத்துப் பேனாவால் எழுதினாள்.

மாலை விமானத்திலும் எடைபார்த்து உட்கார வைத்தார்கள்.
அவன் விமானியின் முதுகுக்குப் பின்னால்,
நான் வாலில்.
முப்பத்தைந்து நிமிடமும் அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.
அப்பாவுடையதுபோல இரண்டு மடிப்பு.
எங்கேயோ ஓரிடத்தில் கோட்டைத் தாண்டியிருப்போம்.
அவன் தலை அசையவில்லை.

திங்களன்று குழியில் மண் தள்ளினோம்.
அவன் கைக்கடிகாரம் சரியான மணிதான் காட்டியது,
முள்ளுக்குப் பக்கத்துச் சின்னக் கட்டத்தில் மட்டும்
நேற்றைய தேதி.
திருகைத் திருப்பினால் மாறிவிடும்.
நானும் சொல்லவில்லை.