தாமதப் பதிவேடு

அபெர்டேர் பள்ளியில் தாமதமாய் வருபவர்கள்
என் ஜன்னலில்தான் கையெழுத்துப் போட வேண்டும்.
காரணம் என்ற கட்டத்தில்
மூன்று மாதமாய் யெஸ்டின் எழுதுவது: பஸ்.

அவன் வீடு பள்ளிக்கு நேர் எதிரே.

இன்று பேனாவுக்காக நீட்டிய கையில்
நீல மையில் மாத்திரைக் கணக்கு:
காலை இரண்டு, வலித்தால் இன்னொன்று.
நான் எதுவும் கேட்கவில்லை.
டோஸ்ட் இருக்கிறது,
வெண்ணெயா ஜாமா என்றேன்.

பதின்மூன்று வயதுக்காரன் விழித்தான்.
அம்மாவுக்கு ஜாம் பிடிக்கும்.
நெரிஸுக்கு ஓரத்தை வெட்டிக் கொடுக்கணும்.

உனக்கு?

வெளியே மழை பிடித்துக்கொண்டது.
முதல் மணி அடித்து ஓய்ந்தது.
மேசைமேல் அவன் செல்போன்,
அணைக்கச் சொல்லவில்லை நான்.
அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான்.

கட்டத்தை நானே நிரப்பினேன்:
சாப்பிடுகிறான்.