பன்னிரண்டு வெள்ளி

உலகப்பன் என் வாயை அளந்தது
ஒரு தென்னை ஈர்க்கால்.
இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னம்வரை வைத்து
நகத்தால் கிள்ளி ஒடித்துக்
காதில் செருகிக்கொண்டார்.
"நாக்குக்கு?" என்றேன்.
"உன் நாக்கு நீளம் ஊருக்கே தெரியும்."

நீசூன் சந்தைக்குப் பின்னால் பட்டறை.
அத்தாப்புக் கூரையில் பொறி ஏறாதிருக்க
உள்ளே தகரம் அடித்திருந்தது.
பட்டடைக்கு ஒரு துண்டுத் தண்டவாளம்.
ஆ ஹெங்கின் பன்றிக்கொட்டில் தாழ்ப்பாள்,
சாலேயின் நங்கூரக் கொக்கி,
பால்வெட்டுக் கத்திகள் ஒரு கட்டு,
எல்லாம் சுவரோரம் ஆள் வரக் காத்துக் கிடந்தன.

துருத்தி சிட்டம்மா கையில்.
பக்காவ் கரி சிவந்து, மஞ்சளித்து,
அதற்கு மேலே ஒரு நிறம்:
எனக்குப் பெயர் தெரியாது, அவளுக்குத் தெரியும்.
அப்போது மட்டும் "ம்" என்பாள்.
அந்த "ம்"முக்குத்தான் புருஷன் சுத்தியல் இறங்கும்.

என் வண்டிமாட்டுக்கு லாடம் எட்டு,
கோடாலி ஒன்று,
கடையாணி இரண்டு தடவை.
ஆக, பன்னிரண்டு வெள்ளி.
தீபாவளிக்குத் தருகிறேன் என்றிருந்தேன்;
எந்தத் தீபாவளி என்று சொல்லவில்லை.
அவரும் அன்றைக்குக் கேட்கவில்லை.
கம்பியை இழுத்து மெலிவித்து
நுனியில் நெல்மணி அளவு வேல் தட்டி
சாம்பலில் தேய்த்து, எலுமிச்சையில் குத்திக் கொடுத்து,
"முருகன் காரியத்துக்குக் கூலி இல்லை" என்றார்.
கண் கலங்கிவிட்டது எனக்கு.
மனுஷன் என்றால் இவர் என்று
காப்பிக்கடையில் இருந்த அத்தனை பேரிடமும் சொன்னேன்.

பங்குனி உத்திரம். செம்பவாங்.
தார் ரோடு பாதத்தைச் சுட்டது. உறுமி அடிவயிற்றில் உறுமியது.
அவர் கையாலேயே அலகு ஏறியது;
ஒரு சொட்டு ரத்தம் இல்லை.
திருநீறு அப்பிவிட்டுக் காதருகே குனிந்தார்.
மந்திரம் என்று கண்ணை மூடினேன்.

"லாடம் எட்டு," என்றார்.
"கோடாலி ஒன்று. கடையாணி இரண்டு.
மாசக் கடைசிக்குள் தந்துவிடுவாயா?"

என் நாக்கு, குறுக்கே தாழ் போட்ட கதவு.
மாட்டுக்குச் சீக்கு, மழை, மச்சான் கல்யாணம்,
தானாக வந்து விழுகிற வார்த்தைகளெல்லாம்
இரும்புக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன.
சுற்றிலும் ஊர். ஆ ஹெங் கூட வந்திருந்தான்.
பால்குடத்தைத் தலையிலிருந்து அசைக்காமல்
சிட்டம்மா என்னையே பார்த்தாள்,
கரி நிறம் பார்க்கிற அதே பார்வை.

தலையை ஆட்டினேன்.

"ம்" என்றாள்.