மில்லியில் நான்

இரவு எட்டிலிருந்து பத்தரை வரை
ஃபீனிக்ஸில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் இல்லை.
ஃப்ரீசரில் எட்டுப் பைகள்.
ஒவ்வொன்றின் மேலும் தேதி, மணி,
மில்லியில் நான்.

பூபாலனின் மீன்கடையில் ஜெனரேட்டர் ஓடும்.
மத்திக்கும் இறாலுக்கும் நடுவே
பைகளை அடுக்குகையில் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்,
அங்கேயே நான் சட்டையைத் திறந்துவிட்டது போல.

பகலில் ஆறாம் நம்பர் கவுண்டர்.
வரிசையில் யார் பிள்ளையோ அழும்.
என் சீருடை இரண்டு வட்டமாய் நனையும்,
சில்லறை தப்பும்.

வேலைக்குத் திரும்பிய வாரமே
இடப்பக்கம் கல்லாகிவிட்டது. காய்ச்சல் முப்பத்தொன்பது.
முட்டைக்கோஸ் இலையை உள்ளே வைத்துக்கொண்டு
கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன், சாலட் மாதிரி.
சிஸ்டர் தண்டேகா அதட்டினாள்:
நிறுத்திடாதே. தேங்கினால்தான் வினை.

நிறுத்தவில்லை.
பல்லைக் கடித்தபடி சாஷெனை அந்தப் பக்கமே போட்டேன்.
அவன் இழுக்க இழுக்க
கல் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைந்தது.
பிறந்த அன்றும் இப்படித்தான்:
கண்கூடத் திறக்காமல் வாய் வைத்தான்,
என் அடிவயிறு முஷ்டிபோல் இறுகியது,
உதிரம் அடங்கியது.
அவனும் எனக்கு ஏதோ தருகிறான் என்று
யாரும் முன்னால் சொல்லியிருக்கவில்லை.

இன்று ஏழே முக்காலுக்கு
பூபாலன் பைகளை வாங்கினார்.
ஐஸைத் தள்ளி இடம் செய்தார்.
மூடியைச் சாத்தாமல் நின்றார்.

"நேத்து பதினொண்ணு.
இன்னைக்கு எட்டுதான் இருக்கு."

முதல் தடவையாக
நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"நீ ஏதாவது சாப்பிட்டியா?"